ஏலத்தில் வந்தது

அரூர் கோர்ட் ஏலத்தில் எழுநூறு ரூபாய்.
உடம்பில் வழக்கு எண், வெள்ளைப் பெயிண்டில்.
கயிற்றை இழுத்தால் அசையவில்லை,
பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக் கிடந்தது.

டீசல் ஊற்றி மூன்று நாள் விட்டேன்.
புது ரிங், கார்புரேட்டர் கிட்,
பதினெட்டு இன்ச் பார் கழற்றி
இருபது.
"பழசுக்குப் போய் இவ்வளவா?" என்றான்
பார்ட்ஸ் கடை நூர்பாஷா.

பக்கமூடியைத் திறந்தபோதுதான்
ஆயிலில் ஊறி இறுகிய தூள்.
ஸ்க்ரூடிரைவரால் சுரண்டச் சுரண்ட
பட்டறை முழுக்கச் சந்தனம்.

சித்தேரி மலை எவ்வளவு தூரமென்று
யாரும் கேட்கவில்லை.
ஷட்டரைப் பாதி இறக்கினேன்.
பெட்ரோலில் இரண்டு முறை கழுவினேன்.

ஏழாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது.
என்ன சத்தம்!
வேலங்கட்டையை இரண்டாக்கியது
இதற்குமுன் எதையுமே அறுக்காததுபோல.

மதியம் கரண்டியால் சாப்பிட்டேன்.
"கையில் என்ன?" என்றாள் மாதம்மாள்.

ஆயில் என்றேன்.