பத்து சென்

பர்மா சாலையில் என் கடை.
ஒரு பக்கம் பத்து சென், இரண்டு பக்கமும் என்றால் பதினெட்டு.
சனிக்கிழமை, மழைக்கு முன்னாலோ பின்னாலோ,
மிஸ் கொர்னேலியா சூசையப்பர் வருவார்,
நெகிழிப்பைக்குள் ஓர் அட்டைப்பெட்டி.
வாரநாளில் கொம்தாரில் தண்ணீர் பில் கணக்கு.
மிச்ச நேரமெல்லாம்
ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய
ஒரு பிரசங்கம்.

எழுதியவர் பெயர் இல்லை.
முதல் ஏடு எலிக்குப் போயிற்று, கடைசி ஏடு ஈரத்துக்கு.
"நடுத்துண்டு மட்டும்தான் இருக்கிறது" என்பார்,
மீன்கடையில் நிற்கிறவர் மாதிரி.

வலமிருந்து இடம் ஓடும் எழுத்து.
நான் ஓதப்போன எழுத்து இல்லை,
அதற்குச் சின்னாப்பா பிள்ளை.
"இது என்ன சொல், மிஸ்?"
"க்தாபா."
"கித்தாபா?"
பதினோரு வருஷ வாடிக்கை.
அன்றைக்குத்தான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு
என்னைப் பார்த்தார்.
"அதேதான், நூர்தீன். அதேதான்."

பிறகு ஒரு நாள்
வேறொரு சொல்லின் மேல் விரல்.
ரூஹா.
எனக்குத் தெரியும். ரூஹு. மௌத்தில் பிரிவது.
"இவருக்கு ஆவி பெண்பால்" என்றார்.
"வருகிறாள், இறங்குகிறாள், அடைகாக்கிறாள்.
பின்னால் வந்த ஒருவருக்கு அது பொறுக்கவில்லை.
கத்தியால் சுரண்டி
வருகிறார் என்று திருத்திவிட்டார்."
படத்தில் அந்த இடம் மட்டும் சாம்பல்.
இயந்திரத்தில் கருப்பைக் கூட்டினேன், குறைத்தேன்.
சுரண்டியது சுரண்டியதுதான்.

"தமிழில் எப்படி, மிஸ்?"
"தமிழில் அஃறிணை.
பக்கத்தில் ஓர் ஆனவரை உட்காரவைத்து
உயர்திணை ஆக்கிக்கொண்டோம்."
இதைப் பங்குச் சாமியாரிடமும் சொன்னாராம்.
நல்லது என்றாராம் சாமியார்,
புக்கிட் மெர்தாஜாம் திருவிழாவுக்கு
எத்தனை பஸ் பிடிக்கலாம் என்று கேட்டாராம்.

போன மாசம் எல்லாம் முடிந்தது.
அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம், மூன்று பிரதி,
ஒன்று கடல் தாண்டித் தபாலில் போக வேண்டும்.
எடுத்தேன், அடுக்கினேன், கட்டிக் கொடுத்தேன்.
ராத்திரி கடை பூட்டும்போது பார்க்கிறேன்,
கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு தாள்.
முந்நூற்று நாற்பத்தொன்று.
ஈரக்காற்றில் முந்தின தாளோடு ஒட்டிக்கொண்டு
மூன்று பிரதியிலும் விழாமல் போன பக்கம்.

மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.
ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடி, பதினோராம் தளம்,
லிஃப்ட் ஓடவில்லை.
மூச்சு வாங்க வாசலில் நின்று
"தப்பு நடந்துபோச்சு மிஸ்" என்றேன்.
தாளை வாங்கினார். எண்ணைப் பார்த்தார்.
சிரிக்க ஆரம்பித்தவர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"பிரசங்கத்தில் இரண்டு வரி இல்லை, நூர்தீன்.
நகல் எடுத்த துறவியின் கண்
ஒரு ரூஹாவிலிருந்து அடுத்த ரூஹாவுக்குத் தாவிவிட்டது.
நடுவில் இருந்தது போயே போயிற்று.
ஏழு வருஷம் அந்த மனுஷனைத் திட்டியிருக்கிறேன்."

அப்புறம் பென்சிலை எடுத்தார்.
"சொல்லுங்கள். இந்தப் பக்கம் நழுவும்போது
என்ன யோசித்துக்கொண்டிருந்தீர்கள்?"

இப்படியும் ஒருவர் கேட்பாரா?
யோசித்துப் பார்த்தேன்.
"மகளுக்கு எஸ்பிஎம் முடிவு வரணும்.
ரோடு டாக்ஸ் கட்டணும்."
எழுதிக்கொண்டார், இரண்டையும்,
அந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே.

பத்து சென் நீட்டினார். வேண்டாம் என்றேன்.
மூன்று பிரதிக்கு முப்பது என்று கணக்குச் சொல்லி
சட்டைப்பையில் போட்டுவிட்டார்.

பதினோரு மாடியும் இறங்கினேன், இருட்டில்,
ஒரு கை சுவரில்.
அந்த ஆள் என்ன நினைத்துக்கொண்டிருந்திருப்பான்?
துறவி. மகள் இருக்க மாட்டாள்.
கடன் இருந்திருக்கலாம்.