பிக்

ரொசிலேனின் நோட்டில் இடப்பக்கம் போர்ச்சுகீசியம்,
வலப்பக்கம் ஆங்கிலம்.
நடுவில் மடிப்பு. அங்கேதான் என் உத்தியோகம்.

பல்பிங் மெஷினைப் பூட்டிக் காட்ட
பிரேசிலிலிருந்து நாகலூர் எஸ்டேட்டுக்கு வந்தவள்.
மெஷின் மூன்றாம் நாளே ஓடிவிட்டது.
'பிக்' மட்டும் ஓட மறுத்தது.

ஆறு மணிக்கு உன்னைப் பிக் அப் பண்ணுகிறேன் என்று
மேனேஜர் பெல்லியப்பா சொல்லிப் போக,
அறுபத்தெட்டு கிலோ இருக்கிறேன், அவரால் முடியுமா
என்று என்னிடம் கேட்டாள்.

உட்கார்ந்து எழுதினோம்.
கிளையில் இருந்தால் பறி.
சில்வர் ஓக் அடியில் உதிர்ந்து கிடந்தால் பொறுக்கு.
கீரையென்றால் ஆய்.
போன் அடித்தால் எடு, பல்லென்றால் குத்து,
சண்டையென்றால் வம்புக்கு இழு.
இத்தனைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
காலம் தள்ளியிருக்கிறான் வெள்ளைக்காரன்,
கருமி.

எங்கள் ஊரில் காப்பி பறிப்பதை
'அப்பன்யார்' என்போம் என்றாள்.
செடிக்குள்ளிருந்து சடைச்சி தலை நீட்டினாள்:
"யாரோட அப்பன்?"
வரிசை முழுக்கச் சிரிப்பு, நாகலூர் ரோடு வரைக்கும்.

அடங்கியதும் ரொசிலேன் சொன்னாள்,
அதே சொல்லுக்கு அடிபடுவது என்றும் அர்த்தம் உண்டு.
அவள் காப்பி பறித்தாள், அவள் அடிபட்டாள்,
இரண்டுக்கும் ஒரே வினை.

நான் அதைத் தமிழில் சொன்னேன்.
சொல்லியிருக்க வேண்டாமோ என்னவோ.
காலையில்தான் சடைச்சியின் கோணியில்
பச்சைக் காய் கலந்திருக்கிறதென்று
இரண்டு கிலோ வெட்டினார் பெல்லியப்பா.
எழுதியது என் கை.

அவள் விரல் பிசினைப் புடவையில் துடைத்தாள்.
"இங்கயும் அப்படித்தான் புள்ள.
ரேஷன்ல அரிசி வாங்குறேன்,
ஊட்டுல அடி வாங்குறேன்.
அதுக்கு மட்டும் காசு கேக்கமாட்டான்."
மறுபடி செடிக்குள் போய்விட்டாள்.

என்ன சொன்னாள், என்ன சொன்னாள் என்றாள் ரொசிலேன்,
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு.
மழை வருமாம் என்றேன்.
அதையும் எழுதிக்கொண்டாள், இரண்டு பக்கத்திலும்.

பத்து நாள் கழித்து ஊரிலிருந்து மெசேஜ்:
உங்கள் மலையில் ஒரு சளியைப் பிக் அப் செய்து வந்திருக்கிறேன்.
எங்களிடம் அது தலைகீழ், தாயே.
சளிதான் ஆளைப் பிடிக்கும்,
நாம் சும்மா நின்றால் போதும்.
டைப் அடித்தேன், அனுப்பவில்லை.

அன்றைக்கு மழையும் வரவில்லை.
கவனித்திருப்பாளா, தெரியாது.