காரணம்: இருபது எழுத்துக்குள்

ராயபுரத்தில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில்
எனக்கு ஒரு மேசை, ஒரு திரை, அறுபத்திரண்டு டிரெய்லர்.
எந்த வண்டியையும் நான் தொட்டதில்லை.
அவை குலுங்குவது மட்டும் தெரியும்.

டாஷ்போர்டுக்கு அடியில் தீப்பெட்டி அளவு டப்பா.
டப்பாவுக்குள் ஒரு சில்லு.
சில்லுக்குள், சிலிக்கானில் செதுக்கிய பொடித் துண்டு,
சீப்புப் பல்லுக்குள் சீப்புப் பல்லைக் கோத்ததுபோல்
மெல்லிய வில்களில் தொங்குகிறது.
பிரேக் விழுந்ததும் வண்டி அடங்கும்.
துண்டு மட்டும் இன்னும் கொஞ்சம்
பழைய வேகத்தையே நம்பிக்கொண்டிருக்கும்.
வில் இழுபடும்.
இழுபட்ட அளவுதான் எனக்கு வரும் எண்.

அவ்வளவுதான் விஷயம்.
கண்ணை மூடிக்கொண்டு, கம்பி பிடிக்காமல்
பஸ்ஸில் நிற்கிற ஓர் ஆள்.

நிற்கிற வண்டியிலும் அது சும்மா இருப்பதில்லை.
எண்ணூர் துறைமுக வாசலில், வரிசையில், பதினோரு மணி நேரம்
என்ஜினை அணைத்துவிட்டு
ஸ்டியரிங்மேல் காலைப் போட்டு டிரைவர் தூங்கும்போதும்
ஒன்பது புள்ளி எட்டு, ஒன்பது புள்ளி எட்டு என்றே சொல்லும்:
கீழே தரை தாங்குகிறது, தாங்குகிறது, தாங்குகிறது.
பூஜ்யம் காட்ட வேண்டுமென்றால்
வண்டி மேம்பாலத்திலிருந்து விழ வேண்டும்.
அந்தப் பூஜ்யம் இதுவரை என் திரைக்கு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேருக்கு ஒரே எண்.
நான்கு புள்ளி ஒன்று. கடும் பிரேக். பிடித்தம் முந்நூறு ரூபாய்.
முனவர் பாஷா, மணலியிலிருந்து காலி டிரெய்லர், பதினைந்து டன்.
இருதயராஜ், இரும்புச் சுருள் ஏற்றியது, மொத்தம் நாற்பது.
காலண்டரின் பின்பக்கத்தில் பெருக்கிப் பார்த்தேன்.
ஒரு வண்டியை அடக்க
அறுபத்தோராயிரத்து ஐந்நூறு நியூட்டன்.
மற்றதற்கு ஒரு லட்சத்து அறுபத்து நாலாயிரம்.

டப்பாவுக்கு இரண்டும் ஒன்று.
அதற்குத் தன் நிறை மட்டும்தான் தெரியும்,
எறும்புகூடத் திரும்பிப் பார்க்காத அந்தப் பொடி நிறை.
வில்லின் விசையை அதனால் வகுத்து முடுக்கம் சொல்லும்.
பின்னால் ஏற்றியிருப்பதை யார் அதற்குச் சொல்வது?
நிறை என்று பாடப்புத்தகம் வைத்த பெயர் எனக்குப் பிடிக்கும்.
காலி வண்டிக்கும் நிறை உண்டு என்கிற
குறும்பு அதில் இருக்கிறது.

மறுநாள் இருதயராஜ் மாடியேறி வந்தார்.
"கே.வி.கே. குப்பம் தாண்டி, மேடம்.
சைக்கிளு. பின்னாடி ஐஸ் பெட்டி. லைட் இல்ல."
அப்புறம்?
"ஒண்ணும் இல்ல. அவன் பாட்டுக்குப் போய்ட்டான்.
நான்தான் அங்கியே நின்னுகினு இருந்தேன்.
திட்டக்கூட வாய் வரல."
மேசைமேல் வைத்திருந்த அவர் கை
இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.
அதற்கு எங்களிடம் டப்பா இல்லை.

காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. இருபது எழுத்துக்குள்.
கணினி கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும்.
ஐஸ் பெட்டி, லைட் இல்
என்பதோடு நின்றுவிட்டது.
பழைய தமிழில் அதுவே போதும்.
பிடித்தம் பிடித்தமாகவே போனது.
முனவர் பாஷா மாடியேறவே இல்லை.
அவர் முன்னால் என்ன வந்ததோ.

அன்று ஏழு மணிக்கு பஸ்ஸில் நின்றபடி போனேன்.
தண்டையார்பேட்டையில் சட்டென்று பிரேக்.
எழுபது பேரும் பழைய வேகத்தை நம்பி
ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தோம்.
என் முழங்கை யாருடைய டிபன் பாக்ஸிலோ இடித்தது.
முன்னால் என்னவென்று தெரியவில்லை,
அத்தனை தலை.
யாரும் மூச்சு விடவில்லை.

பிறகு டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி,
அடிவயிற்றிலிருந்து:
"டேய்! வூட்ல சொல்லிட்டு வன்ட்டியா?"

அப்பாடா என்று கம்பியைப் பிடித்தேன்.