தெரியாது என்று எழுதிய பெட்டி

மூன்று பெட்டி போதும் என்றாள் வால்கிரியா.
மார்க்கர் பேனாவால் அவளே எழுதினாள்:
வைத்துக்கொள். கொடு. தெரியாது.
பொழுது சாய்கையில்
முதல் பெட்டியில் ஓர் இஸ்திரிப்பெட்டி,
இரண்டாவதில் எபேரின் நான்கு டைகள்,
மூன்றாவதை மூட முடியாமல்
என் நாத்தனார் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

மொண்டேவீடியோவில் ஜூலை
துவைத்த துணி காயாத மாதம்.
நதியா கடலா என்று இன்னும் முடிவாகாத அந்தத் தண்ணீரிலிருந்து
காற்று வந்து ஜன்னல் சட்டத்தை ஆட்டுகிறது.
நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது.
இந்த வீட்டை விற்றது நானல்ல,
என் இடது முழங்கால்.

டிராயரில் நாற்பத்தொரு சாவிகள்.
வீட்டுக் கதவுகள் ஆறுதான்.
மீதியைக் கொண்டு எதைப் பூட்டினோம் எபேர்,
எதைத் திறந்தோம்?
பார்சிலோனாவிலிருந்து மகள் போனில் சொல்கிறாள்
எடைக்குப் போடு அம்மா,
இரும்புதானே.

அடுத்த டிராயர் முழுக்க ஒற்றைக் கையுறைகள்.
முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர்
சீட்டுக்கடியில் கிடந்ததையெல்லாம்
பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வருவார்.
தேடி வருவாங்க நிபியா, என்பார்.
வந்தார்களா?
சின்னக் குழந்தையின் சிவப்புக் கையுறை ஒன்று.
அந்தக் குழந்தைக்கு இப்போது
வழுக்கை விழுந்திருக்கும்.

மாத்தே குடிக்கும் அவருடைய சுரைக்குடுவை
எட்டு மாதமாய் வாய் வைக்க ஆளில்லாமல்
உள்ளே பச்சையாய்ப் பூஞ்சை பிடித்திருந்தது.
சுரண்டினேன். வெந்நீர் ஊற்றினேன்.
மறுபடி ஊற்றினேன்.
எந்தப் பெட்டி என்று வால்கிரியா கேட்டபோது
ஈரமாயிருக்கு, காயட்டும் என்றேன்.
ஜூலையில் எது காய்ந்தது!

பென்குயின் கூஜாவை மட்டும்
கை நடுங்காமல் கொடுத்துவிட்டேன்.
கல்யாணத்துக்கு வந்த பரிசு.
வெள்ளைப் பீங்கான், அலகு வழியாக ஒயின் ஊற்றும்.
இந்த ஊரில் யார் வீட்டில்தான் இல்லை அது?
கைவண்டிக்காரன் கீழே இறக்கிக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை
திரிஸ்தான் நர்வாகா தெருச்சந்தைக்குப் போனேன்.
வெங்காயம் வாங்கத்தான் போனேன்.
குளிருக்கு டிராயரிலிருந்து எடுத்த கையுறைகள்:
ஒன்று நீலக் கம்பளி, ஒன்று ஆண்பிள்ளைத் தோல்.

பழைய போர்வை ஒன்றை விரித்து
அதன் நடுவில் என் பென்குயின்.
பக்கத்தில் யாரோ ஒருவரின் பல்செட்.
கடைக்காரப் பையன்
ஓர் இளம் ஜோடியிடம் அளந்துகொண்டிருந்தான்:
கப்பல் கேப்டன் வீட்டுச் சாமான் இது,
புயலில் உருண்டு அலகு உடைந்தது.

புயல்தான்.
எண்பத்தேழில், சமையலறையில்,
எபேரின் தலைக்கு வைத்த குறி.
குறி தப்பியது, சுவர் தப்பவில்லை.
இருவரும் குனிந்து துண்டு பொறுக்கும்போது
முதலில் சிரித்தது யார் என்பதில்
கடைசி வரை எங்களுக்குள் வழக்கு.

நானூறு பெசோ என்றான்.
என் பர்ஸில் ஐந்நூறு இருந்தது.
வாய் வரை வந்த விலையை விழுங்கிவிட்டு
அந்தப் பெண்ணிடம் சொன்னேன்:
பாதிக்கு மேல் நிரப்பாதே.
உடைந்த பக்கமாய் வழிந்து மேஜைவிரிப்பு பாழாகும்.
கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்து ஊற்று.
அவள் வெறுங்கூஜாவைச் சாய்த்துப் பார்த்தாள்.
இடப்பக்கமாய்.

அவர்கள் போனபின் பையன் என்னைப் பார்த்தான்,
பிறகு என் கைகளை.
சென்யோரா, ஜோடி மாறியிருக்கு.
தெரியும் என்றேன்.

வெங்காயம் மறந்துபோனது.
நாலு மாடி ஏறி, மூச்சு வாங்கி,
சாவிகளைத் திரும்ப டிராயரிலேயே கொட்டினேன்.
லாரி செவ்வாய்க்கிழமை வருகிறது.
குடுவை
இன்னும் காயவில்லை.