ஒரே பழத்தை ஒன்பது முறை

ஸுஹைரா வந்த வாரம்
சிலிம் ரிவரில் விடாத மழை.
வேனில் ஆறு பேர், ஒரு காமிரா,
மழைக்கோட்டு அதற்கு மட்டும்.

முப்பத்தெட்டாம் நிரையில்
செம்பனை உதிரி பொறுக்கிக்கொண்டிருந்தேன்.
என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்,
முள் ஏறிய இடங்களை எண்ணுகிறவள் போல.
இந்தக் கை போதும் என்றாளாம்.
ஈப்போவிலிருந்து வந்த மொழிபெயர்ப்புப் பையன் சொன்னான்.
முகம்?
முகம் வேண்டாமாம்.

எனக்குக் கிலோக் கணக்கு,
இதற்கு என்ன கணக்கு என்று கேட்டேன்.
எண்பது வெள்ளி. சரி.

மழை வலுத்து உரக்கொட்டகையில் ஒதுங்கியபோது
என் போத்தல் கோப்பியைக் குடித்துக்கொண்டே பேசினாள்.
இருபத்திரண்டு படத்தில் நடித்தாளாம்,
பதினேழில் செத்தாளாம்.
கிணற்றில் இரண்டு, விஷத்தில் நாலு,
அண்ணன் கையால் ஐந்து,
மிச்சமெல்லாம் காசநோய்.
இருமல் எனக்கு நன்றாக வரும் என்று
இருமிக் காட்டினாள்.
வெளியே படுத்திருந்த நாய் எழுந்து நின்றது.

நாற்பது வயதில் அம்மா வேடம் கொடுத்தார்களாம்,
அவளைவிட மூன்று வயது மூத்தவனுக்கு.
அன்றைக்குத்தான்
காமிராவுக்கு அந்தப் பக்கம் போனாளாம்.
அங்கே சாகச் சொல்வாரில்லை,
காசு தருவாரும் இல்லை.
ஸ்ஃபாக்ஸில் அப்பன் விட்டுப்போன ஒலிவத் தோப்பை விற்று
முதல் படம். நாலு நாள் ஓடியது.
இரண்டாவதற்கு வளையல்.
இது மூன்றாவது.

எங்கள் எண்ணெய் மரம் இத்தனை உயரமில்லை என்று
அண்ணாந்து பார்த்தாள்.
மட்டையிலிருந்து வடிந்த தண்ணீர் கண்ணில் விழுந்தது.
துடைக்கவில்லை.
துடைக்காமல் இருப்பது பழகிய தொழில் போலும்.

பிறகு வெளிச்சம் வந்தது.
ஒரே பழத்தை ஒன்பது முறை பொறுக்கினேன்.
தராசில் ஒன்றாகத்தான் விழுந்தது.

பதினெட்டு மாதம் கழித்துக் கைப்பேசியில் படம் வந்தது.
யாரும் சாகவில்லை.
என் கை ஏழு விநாடி.
கடைசியில் பெயர்கள் மேலே மேலே ஏறின,
வலமிருந்து இடமாக எழுதியவை.
கிளினிக்கில் வேலை செய்யும் நோர்லிசா ஜாவி படித்தவள்;
ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினாள்.
பவளம்.
ஆனால் பஸ்ஸில் வரும் ப.
பழத்தில் வரும் ப
அரபு எழுத்தில் இல்லையாம்.
எங்களுக்கு இரண்டுக்கும் ஒரே எழுத்துதான் என்றேன்.

மறுநாள் பெரட்டில்
மண்டோர் பெயரைக் கூப்பிட்டார்.
எந்தப் ப என்று கேட்கவில்லை.
கையைத் தூக்கினேன்.