மூன்று வெள்ளையன்

அப்புத்தளையில் இரவு பதினோரு மணிக்குக் கணக்கு மூடுவேன்.
ஆறு அறை, இரண்டு சாப்பாடு, உடைந்த கிண்ணம் ஒன்று.
பிறகு விடியும்வரை பங்களா என்னுடையது,
துரை போய், கூட்டுத்தாபனம் போய், ஹோட்டலாகிவிட்ட பங்களா.
வெளிநாட்டார் படம் பிடிப்பதற்கென்று
மண்டப அலமாரியில் வைத்திருக்கிறார்கள்
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தெட்டாம் வருஷத்துப் பத்திரிகையை,
தோல் கட்டி, பூச்சி தின்றது போக மீதி.

மேசைவிளக்கு இருக்கிறது.
பள்ளிக்கூட இங்கிலீசு கொஞ்சம் இருக்கிறது.

முதல் பக்கம் முழுக்க விளம்பரம்.
கப்பல் வந்தது, பிராந்தி வந்தது,
பியானோ சுருதி சேர்ப்பவர் கண்டியில் தங்கியிருக்கிறார்.
பிறப்பு: ஸ்ட்ராத்கெல்டித் தோட்டத்தில்
துரையின் மனைவிக்கு ஆண் குழந்தை.
ஸ்ட்ராத்கெல்டி என்றால் இதுதான். எங்களுக்கு ஊசித்தோட்டம்.
மனைவிக்குப் பேர் போடவில்லை.
ஒன்பதாம் நாள் இறப்புப் பத்தியில் போட்டார்கள்,
ஹென்றியட்டா, வயது இருபத்திரண்டு.
அந்த இரவு அதற்கு மேல் வாசிக்கவில்லை.

நான் தேடியது வெள்ளையனை.
வீட்டில் மிஞ்சின பேர் அது ஒன்றுதான்.
கரிச்சட்டி நிறத்து மனிசனுக்கு யார் வைத்தார்களோ.
அச்சில் வில்லியன் ஆகியிருந்தான்.
கடைசி எழுத்து மட்டும் மகரமாகியிருந்தால்
கிரிக்கெட் ஆட்டக்காரர் வரிசையில் சேர்த்திருப்பார்கள்.

மூன்று மாதத்துத் தாளில் மூன்று வில்லியன்.

ஒருவன் பதுளைக் கோர்ட்டில்: அரைமூட்டைக் கோப்பி, இருபது கசையடி.
ஒருவன் மாத்தளை ஆஸ்பத்திரியில், பேதிக் கணக்கில்,
முன்னும் பின்னும் வெறும் எண்களாய்க் கிடக்க
எப்படியோ பேரோடு செத்தவன்.
மூன்றாமவன் ஓடிவிட்டான்.

ஸ்ட்ராத்கெல்டியிலிருந்து, கையில் துண்டு இல்லாமல்,
பத்தொன்பது ரூபாய் முன்பணக் கடனோடு,
வில்லியன் என்னும் கூலி, குள்ளம், அம்மைத் தழும்பு,
கூடவே ஒருத்தி, அவள் இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளை,
இந்தத் தோட்டத்தில் பிறந்தது.
ஹல்துமுல்லைப் பக்கம் போயிருக்கலாம்.
வேலை கொடுப்பவர் மீது வழக்கு.

அதன் கீழேயே காணாமற்போன குதிரை.
செம்மண் நிறம், நெற்றியில் சுட்டி, பின்னங்கால் ஒன்று வெள்ளை,
டெய்ஸி என்றால் திரும்பும், இடி இடித்தால் மிரளும்,
கொண்டுவருபவருக்கு ஐம்பது ரூபாய்.

தாத்தா இதே தோட்டத்தில் கவ்வாத்து வெட்டினவர்.
ஐம்பத்தொன்றில் பிரசாவுரிமைக் கந்தோரில் கேட்டார்களாம்,
உன் தகப்பன் இந்த நாட்டில் பிறந்தவனா?
பிறந்தவர்தான் ஐயா.
காகிதம்?
கையை விரித்தார்.

பெரியப்பாவும் இரண்டு அத்தைகளும்
ஒப்பாரிக் கோச்சியில் ஏறினார்கள்.
அப்போதும் இந்த அலமாரி இங்கேதான் நின்றது,
சாவி துரையிடம்.

ஏழு வரி. எண்ணிப் பார்த்தேன். ஏழே வரி.

இவன்தான் எங்கள் ஆள் என்பதற்கு என்னிடமும் சாட்சி இல்லை.
கோப்பி திருடினவனாக இருக்கலாம்.
செத்தவன்கூட,
சாவதற்கு முன் பிள்ளை பெற்றிருக்கலாம்.
ஓடினவன் வம்சம் எந்த வழியாகத் திரும்பி
இதே மலை ஏறியது,
அதற்கு யாரும் விளம்பரம் போடவில்லை.

ஆனாலும் மூவரில் ஓடினவனை எடுத்துக்கொண்டேன்.
கணக்குப் புத்தகத்தின் கடைசித் தாளில் பென்சிலால் எழுதினேன்:
வரவேண்டியது பத்தொன்பது ரூபாய். வராது.
மற்ற இரண்டு பேருக்கும் யாராவது இருப்பார்கள்,
கூடலூரிலோ, கோத்தகிரியிலோ.
இருக்கவேண்டும்.

நாலாம் அறையில் வெந்நீர் கேட்டு மணி அடிக்கிறார்கள்.
மூடுவதற்கு முன் இன்னொரு தடவை பார்த்தேன்.
பிள்ளை ஆணா பெண்ணா என்று போடவில்லை.
குதிரை பெட்டை என்று போட்டிருக்கிறது.