காரணம்: நான்

கோல்பர்ன் மருத்துவமனை மாடிப்படித் திருப்பத்தில்
பதினைந்து பேர் நிற்கும் புகைப்படம்.
நகர ரக்பி அணி, 1886.
இரண்டாம் வரிசையில் மூன்றாவது ஆள்
கையைக் கட்டிக்கொண்டிருப்பது
குளிருக்காக அல்ல;
இடது சுட்டுவிரல் கோணல்.
உடைந்த தன் விரலைத் தானே கட்டியவர்
கொஞ்சம் பிசகிவிட்டார்.

டாக்டர் ஆம்ப்ரோஸ் தெர்க்கெல்.
ஐந்து நாள் கார்பாலிக் வாசனை,
சனிக்கிழமை சேற்று வாசனை,
ஞாயிறு தேவாலயத்தில் இரண்டும் கலந்து வீச
பக்கத்து இருக்கைப் பெண்கள் விசிறி எடுத்தார்கள்.
(யார் சொன்னது என்று கேட்காதீர்கள்.
ஆவண அறைச் சாவி என்னிடம் இருக்கிறது,
இரவுப் பணி நீளமானது.)

பதிவேட்டில் ஜூலை பத்து:
மலாக்கி டூலன், இருபத்திரண்டு வயது,
ரயில் பாதைக் கூலி.
வலது காறை எலும்பு, இரண்டு துண்டு.
குதிரை, கோடரி, குடி என்று
மற்றவர்களுக்கெல்லாம் எழுதிய கட்டத்தில்,
காரணம் கேட்கும் கட்டத்தில்,
ஒரே சொல்:
நான்.

உறைபனி விடாத தரை.
பந்தோடு பறந்தவனை இடுப்பில் கட்டிச் சாய்த்தபோது
எழுந்த சத்தம்
ஆரவாரத்தில் யாருக்கும் கேட்கவில்லை.
அவருக்குக் கேட்டது.
அவருக்கு அதன் பெயரும் தெரியும்.

பூட்ஸைக் கழற்றாமலே எலும்பைச் சேர்த்தார்.

ஆறு வாரம் தண்டவாளத்தைத் தொட முடியாது.
பன்னிரண்டு பவுண்ட் பன்னிரண்டு ஷில்லிங்,
ஆறு வாரக் கூலி,
பெயரில்லாத உறையில் போனது.
சின்ன ஊர்.
மருந்துக்கடைக்காரர் மட்டுமே படிக்கத் தெரிந்த கையெழுத்தை
அஞ்சலகம் முகம் பார்த்ததுபோல் கண்டுகொண்டது.

சங்கம் கூடியது.
ஆட்டத்தால் காசு கண்டவன் ஆட்டக்காரன் அல்ல,
கூலிக்காரன்.
டூலனுக்கு ஆயுள் தடை.
கொடுத்தவருக்கு எதுவுமில்லை,
கொடுப்பவனை அந்த விதிக்குத் தெரியாது.
ஆசைக்காக மட்டும் ஆடுவதற்கு
முதலில் ஒரு சனிக்கிழமை சொந்தமாக இருக்க வேண்டும்.
‘தெர்க்கெல் எழுந்து பேசினார்’ என்கிறது கூட்டக் குறிப்பு.
என்ன பேசினார் என்று
செயலாளர் மை செலவழிக்கவில்லை.

அடுத்த வருடப் புகைப்படத்திலும் பதினைந்து பேர்.
அவர் இல்லை.

அதன்பிறகு பதிவேட்டில் டூலன்
இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறான்.
நோய் எதுவும் இல்லை.
கட்டணம்: ஐந்து ஷில்லிங்.
மறுபடி ஐந்து. மறுபடி ஐந்து.
கூட்டிப் பார்த்தேன்,
தேநீர் ஆறிப் போனது தெரியாமல்.
ஐம்பது தடவை ஐந்து,
கடைசியில் ஒரு இரண்டு.
டாக்டர் ஒரு தடவையும் வேண்டாம் என்று சொன்னதாகத் தெரியவில்லை,
அல்லது சொல்லி,
அவன் மேசையில் வைத்துவிட்டுப் போயிருப்பான்.

1888, கடைசி வரி:
தோள் நன்றாக எழும்புகிறது.
பாக்கி இல்லை.

அந்த ‘இல்லை’யின் மேல் மட்டும்
ஒரு கோடு,
அதே மையில்,
அறுவைக் கத்தி பிடிக்கும் கை
போட்டது போல நேராக.